ஒரு மூளை ஆய்வாளரின் சைட்டேஷன் கணக்கைச் சரிபார்ப்பது எப்படி?

கூகுள் ஸ்காலரில் ஓர் ஆய்வாளரின் பக்கத்தைத் திறந்தால் மூன்று எண்கள் கண்ணில் படும்: மொத்த சைட்டேஷன் (பிறர் தம் கட்டுரைகளில் மேற்கோள் காட்டிய தடவைகள்), எச்-இன்டெக்ஸ், ஐ10-இன்டெக்ஸ் (இவ்விரண்டின் விதியும் பின்னால் வருகிறது). பி.எச்டி.க்குக் கைடு தேடுகிறவரும், நேர்காணல் குழுவில் உட்காருகிறவரும், தன் விண்ணப்பத்தைத் தானே நிரப்புகிற ஆய்வாளரும் அந்த மூன்றையும் எடுத்து எழுதிவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுவது வழக்கம். ஆனால் அவை ஒரு பட்டியலிலிருந்து கூட்டிப் பெற்ற எண்கள். அந்தப் பட்டியலைத் தொகுத்தது மென்பொருள். அதில் அடுத்தவர் கட்டுரை கலந்திருக்கும், ஒரே கட்டுரை இரண்டு மூன்று முறை வந்திருக்கும், அரைப்பக்க மாநாட்டுச் சுருக்கம் முழுக் கட்டுரை மாதிரி உட்கார்ந்திருக்கும். காக்னிட்டிவ் நியூரோசயின்ஸ் எனப்படும் அறிதல்சார் நரம்பியலில் இந்தக் குழப்பம் மற்ற துறைகளைவிடச் சற்று அதிகம். உளவியல்காரர்கள் நூல் அத்தியாயம் எழுதுவார்கள், மருத்துவர்கள் நோயாளிக் குறிப்பு எழுதுவார்கள், கணினிக்காரர்கள் மாநாட்டுத் தொகுப்பில் வெளியிடுவார்கள். எல்லாம் ஒரே ஆளின் பட்டியலில் வந்து சேரும்.

ஆகவே முதலில் பட்டியலைச் சுத்தம் செய்யுங்கள், பிறகு வகை பிரியுங்கள், அதற்குப் பிறகுதான் எண். அறுபது எழுபது கட்டுரை உள்ள ஒருவருக்கு இதை ஒழுங்காகச் செய்ய ஒரு முழு நாள் ஒதுக்கிக்கொள்ளுங்கள்.

ஆள் யார் என்பதில் தொடங்குங்கள்

பெயர்க் குழப்பத்துக்கு இந்தத் துறையிலேயே நல்ல உதாரணம் மில்னர். எச்.எம். என்ற நோயாளியின் நினைவிழப்பை ஆராய்ந்தவர் மான்ட்ரியலின் பிரெண்டா மில்னர். எலியின் மூளையில் மின்தூண்டல் செய்து, அது இன்பமூட்டும் பரிசுபோல வேலை செய்வதை 1954-ல் ஓல்ட்ஸுடன் சேர்ந்து காட்டியவர் பீட்டர் மில்னர். அவர் பிரெண்டாவின் கணவராக இருந்தவர். அதே மெக்கில் பல்கலைக்கழகம். பார்வைக்கு மூளையில் இரண்டு பாதைகள் உண்டு என்று 1992-ல் குட்டேலுடன் எழுதியவர் டேவிட் மில்னர். மூவரும் மூளை ஆய்வாளர்கள், மூவரும் அதிகம் மேற்கோள் காட்டப்படுபவர்கள். குடும்பப் பெயரையும் துறையையும் மட்டும் கொடுத்துத் தேடினால் மூவரின் கணக்கும் ஒன்றாகக் கொட்டும்.

மருத்துவ, உயிரியல் கட்டுரைகளின் இலவசத் தரவுத்தளமான பப்மெட்டில் ஆசிரியர் பெயரைத் தேட, குடும்பப் பெயர், ஓர் இடைவெளி, முதலெழுத்து, அதன்பின் சதுர அடைப்புக்குறிக்குள் ஏ, யு என்ற இரண்டு ஆங்கில எழுத்துகள். இங்கே பலரும் தவறவிடும் ஒரு நுட்பம் இருக்கிறது. ‘மில்னர் பி’ என்று கொடுத்தால் பி-யில் தொடங்கும் எல்லா இனிஷியல்களையும் பப்மெட் தானாகச் சேர்த்துக்கொள்ளும்: பி.ஏ., பி.சி., எல்லாமே. அந்த ஒற்றை எழுத்து மட்டும் வேண்டுமென்றால் பெயரை இரட்டை மேற்கோள் குறிக்குள் போட வேண்டும். இன்னொன்று, ஆசிரியரின் முழு முதற்பெயரைப் பப்மெட் பதிவு செய்யத் தொடங்கியது 2002-ல்தான். அதற்கு முந்தைய கட்டுரைகளில் இனிஷியலை வைத்துத்தான் ஆளைக் கண்டுபிடிக்க வேண்டும்; பணியிடமும் கூட்டு ஆசிரியர்களும்தான் துணை.

தமிழ்ப் பெயர்களுக்கு இந்தச் சிக்கல் இரட்டிப்பு. இழந்த கை காலில் உணரப்படும் மாய உறுப்பு வலியைக் கண்ணாடிப் பெட்டி வைத்துத் தணிக்கப் பார்த்த வி.எஸ். ராமச்சந்திரன், சான் டியாகோவிலுள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்துக்காரர். (எச்-இன்டெக்ஸை உருவாக்கிய இயற்பியலாளர் ஹிர்ஷும் அதே பல்கலைக்கழகம்தான்.) ஃப்ரேமிங்ஹாம் இதய ஆய்வில் பெயர் பெற்ற ராமச்சந்திரன் எஸ். வாசன் வேறு ஆள். வாசனின் பெயர் முன்பின்னாக மாறிப் பதிவானால் அவரும் ‘ராமச்சந்திரன் வி.எஸ்.’ ஆகிவிடுவார். மூளை ஆய்வாளரின் பட்டியலில் ரத்த அழுத்தம், இதயச் செயலிழப்பு என்று தலைப்புகள் எட்டிப்பார்த்தால் இந்த மாதிரி ஏதோ நடந்திருக்கிறது என்று அர்த்தம். 1996-ல் மாய உறுப்பு பற்றிய கட்டுரையின் கூட்டு ஆசிரியர் டயான் ராஜர்ஸ்-ராமச்சந்திரன். இணைப்புக்கோடு உள்ள பெயர்களைச் சில தரவுத்தளங்கள் ராஜர்ஸில் வைக்கும், சில ராமச்சந்திரனில் வைக்கும். இரண்டிலும் பார்க்க வேண்டும்.

குடும்பப் பெயரே இல்லாதவர்களின் நிலை இன்னும் மோசம். கே. செல்வி என்ற பெயர் ஒரு ஜர்னலில் ‘செல்வி கே.’ ஆகும், இன்னொன்றில் கே என்பதே குடும்பப் பெயராகி ‘கே எஸ்.’ என்று போய்விடும். பாஸ்போர்ட்டுக்காக அப்பா பெயரை விரித்து எழுதிய பிறகு மூன்றாவதாக ஒரு வடிவம் வரும். முதல் கட்டுரை அனுப்பும்போதே ஒரு வடிவத்தை முடிவு செய்து, கடைசிவரை அதையே வைத்துக்கொள்வது ஒன்றுதான் வழி. ஏற்கெனவே சிதறியிருந்தால் ஆர்கிட் (ஆய்வாளருக்கான நிரந்தர அடையாள எண்) கணக்கில் ‘மற்ற பெயர்கள்’ பகுதியில் எல்லா வடிவத்தையும் போட்டுவையுங்கள்.

ஆர்கிட் 2012 அக்டோபரில் வந்தது. இலவசம். பதினாறு இலக்க எண். கடைசி இடத்தில் மட்டும் சில சமயம் எக்ஸ் என்ற எழுத்து வரும், பிழை என்று நினைத்து அழித்துவிடாதீர்கள், அது சரிபார்ப்பு இலக்கம். சந்தாத் தரவுத்தளமான ஸ்கோபஸ் தரும் எண் வேறு வகை: ஆய்வாளர் கேட்காமலேயே மென்பொருள் உருவாக்குவது. அதனால் ஒரே ஆளுக்கு இரண்டு மூன்று ஸ்கோபஸ் எண்கள் இருப்பது சர்வசாதாரணம். பணியிடம் மாறியவர்களுக்கும் இனிஷியல் மாறியவர்களுக்கும் நிச்சயம் பாருங்கள். சந்தா இல்லாமலேயே ஸ்கோபஸின் இலவச ஆசிரியர் தேடலில் இதைக் கண்டுபிடிக்கலாம். சேர்த்துவைக்கக் கோரும் படிவமும் அங்கேயே இருக்கிறது.

திரட்டும் வரிசை

ஆய்வாளரின் சொந்தப் பட்டியலில் தொடங்குங்கள், அது ஆய்வகப் பக்கமானாலும் சி.வி. ஆனாலும் சரி. அடுத்து ஆர்கிட். பிறகு பப்மெட். அதன்பின் ஸ்கோபஸ் அல்லது வெப் ஆஃப் சயின்ஸ், கைக்கு எது கிடைக்கிறதோ அது. இரண்டுக்கும் சந்தா இல்லையென்றால் 2022-ல் தொடங்கிய ஓப்பன்அலெக்ஸ் இலவசம். கூகுள் ஸ்காலர் கடைசி. இந்த வரிசைக்குக் காரணம் உண்டு. பப்மெட் சுத்தமானது, ஆனால் குறுகலானது. உளவியல் இதழ்கள் பல அதில் இல்லை, கணினி மாநாட்டுத் தொகுப்புகள் பெரும்பாலும் இல்லை. ஸ்காலர் அகலமானது, ஆனால் குப்பையும் சேர்ந்து வரும். ஸ்காலரில் தொடங்கினால் குப்பையை உண்மை என்று எடுத்துக்கொண்டு, மற்றவற்றில் அது ‘விடுபட்டதாக’ நினைத்துத் தேடிக்கொண்டிருப்பீர்கள்.

ஒரு எக்செல் தாள் போதும். ஒரு வரிக்கு ஒரு கட்டுரை. ஆண்டு, தலைப்பு, இதழ், டிஓஐ (ஒவ்வொரு கட்டுரைக்கும் உரிய நிரந்தர இணைய எண்), பப்மெட் எண், வகை, மொத்த ஆசிரியர் எண்ணிக்கை, இவர் எத்தனையாவது பெயர், ஒவ்வொரு தளத்திலும் சைட்டேஷன், எடுத்த தேதி. தேதிப் பத்தியை விட்டுவிடாதீர்கள். மூன்று வாரம் கழித்து இன்னொருவர் சரிபார்க்கும்போது எண் ஏறியிருக்கும். யார் சொன்னது சரி என்று சண்டை வரும்.

டிஓஐ-யை வைத்து வரிசைப்படுத்தினால் இரட்டிப்புகள் பெரும்பாலும் பக்கத்தில் பக்கத்தில் வந்து நிற்கும். பெரும்பாலும்தான். மிச்சத்துக்குக் கண்ணால் பார்க்க வேண்டும்.

ஒரு கட்டுரை எப்படி மூன்றாகிறது

இன்று முதல் காரணம் ப்ரீபிரின்ட், அதாவது இதழின் மதிப்பாய்வுக்கு முன்பே இணையத்தில் ஏற்றும் வரைவு. மூளை ஆய்வுக் கட்டுரைகள் 2013-ல் தொடங்கிய பயோஆர்கைவிலும் 2016-ல் வந்த சைஆர்கைவிலும் முதலில் ஏறும். அவற்றின் டிஓஐ வேறு (பயோஆர்கைவ் என்றால் பெரும்பாலும் 10.1101, சைஆர்கைவ் என்றால் 10.31234 என்று தொடங்கும்), இதழில் வரும் கட்டுரையின் டிஓஐ வேறு. ஆர்கிட் ஒரே டிஓஐ உள்ளவற்றைத்தான் ஒன்றாக அடுக்கும்; இவை இரண்டாகவே நிற்கும். பயோஆர்கைவ் தலைப்பையும் ஆசிரியர்களையும் ஒப்பிட்டு ‘இது இன்ன இதழில் வெளியானது’ என்று தானாக இணைப்புப் போடும். ரிவ்யூவர் சொன்னதற்காகத் தலைப்பை அடியோடு மாற்றியிருந்தால் அந்த இணைப்பு விழாது. ஆசிரியரே அவர்களுக்கு எழுதிச் சேர்க்கச் சொல்ல வேண்டும். அமெரிக்க அரசின் மருத்துவ ஆய்வு அமைப்பான என்ஐஎச்-இன் நிதி பெற்ற ப்ரீபிரின்ட்கள் இப்போது பப்மெட்டிலும் வருகின்றன. ஆகவே பப்மெட்டில் இருப்பதால் மட்டும் ஒன்று இதழில் வெளியானதாகிவிடாது.

இரண்டாவது மாநாட்டுச் சுருக்கம். பார்வை அறிவியலாளர்களின் விஎஸ்எஸ் மாநாட்டுச் சுருக்கங்கள் ஜர்னல் ஆஃப் விஷன் இதழிலேயே டிஓஐ-யுடன் வெளியாகின்றன. பட்டியலில் பார்த்தால் முழுக் கட்டுரைக்கும் அதற்கும் வித்தியாசமே தெரியாது. மனித மூளை வரைபட மாநாட்டின் பழைய சுருக்கங்கள் நியூரோஇமேஜ் இதழின் சிறப்புத் தொகுதிகளில் இருக்கின்றன. பக்க எண்ணுக்கு முன் எஸ் என்ற எழுத்து, மொத்தம் ஒரே பக்கம்: இந்த இரண்டும் சேர்ந்திருந்தால் சுருக்கம் என்று சந்தேகப்பட்டு, திறந்து பாருங்கள். சுருக்கங்களை நீக்க வேண்டியதில்லை. தனி வகையாக ஒதுக்கினால் போதும். ஆனால் ‘நூறு கட்டுரை’ என்று எண்ணிக்கை சொல்லும்போது அவற்றைச் சேர்ப்பது நேர்மையாகாது.

மூன்றாவது மறுபதிப்பு. ஸ்கோவிலும் பிரெண்டா மில்னரும் 1957-ல் எழுதிய எச்.எம். கட்டுரை, நரம்பியல் மனநல இதழ் ஒன்றில் 2000-ல் அப்படியே மறுபடி அச்சானது. பப்மெட்டில் இரண்டுக்கும் தனித்தனிப் பதிவு உண்டு. இதைக் கவனிக்காதவர் 2000-ல் புதிய கட்டுரை ஒன்று என்று எண்ணிக்கொள்வார், அதற்கு வந்த சைட்டேஷன்களையும் தனியாக எழுதுவார்.

ஸ்காலரில் சொந்தப் பக்கம் வைத்திருப்பவர் இவற்றைத் தானே ஒட்டலாம். இரண்டு வரிகளுக்கும் டிக் அடித்து, மேலே வரும் ‘மெர்ஜ்’ பொத்தானை அழுத்தி, எது முதன்மைப் பதிவு என்று தேர்ந்தெடுக்க வேண்டும். இதழில் வந்ததையே தேர்ந்தெடுங்கள். ஒட்டிய பிறகு எண்ணுக்குப் பக்கத்தில் ஒரு நட்சத்திரக் குறி வரும். அது குற்றச்சாட்டு இல்லை, இரண்டு பதிவுகளின் சைட்டேஷன் கலந்திருக்கலாம் என்ற அறிவிப்பு. ஒட்டாமல் தாளில் கையால் கூட்டுகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: ப்ரீபிரின்ட்டையும் இதழ்க் கட்டுரையையும் சேர்த்தே மேற்கோள் காட்டியவர்கள் இருப்பார்கள், ஆகவே 9-ம் 6-ம் சேர்ந்தால் 15 ஆகவேண்டும் என்பதில்லை.

அதே பக்கத்தில், புதிய கட்டுரைகளைத் தானாகச் சேர்க்கும் அமைப்பை நிறுத்திவிட்டு ‘மின்னஞ்சலில் கேட்டுச் சேர்’ என்பதற்கு மாற்றிவிடுங்கள். பொதுவான பெயர் உள்ளவர்களின் பக்கத்தில் அடுத்தவர் கட்டுரை நுழைவது பெரும்பாலும் இந்த வழியாகத்தான்.

நூல்களுக்கு வேறு பிரச்சினை. ஓகீஃபும் நேடலும் 1978-ல் ஹிப்போகேம்பஸ் என்ற மூளைப் பகுதி பற்றி எழுதிய நூல் இந்தத் துறையின் அடிக்கல்களில் ஒன்று. பப்மெட்டில் தேடினால் நூல் வராது, அதற்கு முன்னோடியான 1971-ன் குறுங்கட்டுரைதான் வரும். பேட்லியும் ஹிட்சும் 1974-ல் செயல்நினைவு பற்றி எழுதியது நூல் அத்தியாயம். வெப் ஆஃப் சயின்ஸில் சாதாரணத் தேடலை விட்டுவிட்டு ‘சைட்டட் ரெஃபரன்ஸ்’ தேடலுக்குப் போனால், தளத்தில் இல்லாத நூலுக்கு வந்த சைட்டேஷன்களும் பிடிபடும். ஆண்டு தவறாக, பக்கம் தவறாகப் பத்து வடிவத்தில் சிதறிக் கிடக்கும். ஒவ்வொன்றாக டிக் அடித்துக் கூட்ட வேண்டியதுதான்.

வகை பிரிக்காமல் எண்ணைத் தொடாதீர்கள்

பெரும்பாலானவர்கள் தவிர்க்கும் வேலை இது. உண்மையில் பயன் முழுவதும் இங்கேதான் இருக்கிறது.

1971-ல் ஓல்ட்ஃபீல்டு வெளியிட்ட எடின்பரோ கைப்பழக்க வினாத்தாளை எடுத்துக்கொள்ளுங்கள். மூளையின் செயல்பாட்டை ஸ்கேன் செய்யும் எஃப்எம்ஆர்ஐ ஆய்வென்றால் பங்கேற்பாளர் வலக்கையரா இடக்கையரா என்று எழுதியாக வேண்டும். எழுதினால் அந்தக் கட்டுரையை மேற்கோள் காட்ட வேண்டும். பிரெய்னார்டு 1997-ல் எழுதிய சைக்கோஃபிசிக்ஸ் டூல்பாக்ஸ், டெலோர்மும் மக்கீக்கும் 2004-ல் எழுதிய இஇஜிலேப், இவையும் அப்படியே. மென்பொருளைப் பயன்படுத்தியவர் எல்லாரும் நன்றிக்கடனாக ஒரு வரி போடுவார்கள். ஆயிரக்கணக்கில் சைட்டேஷன் சேரும். அதைக் குறைத்துப் பேசுவதற்கில்லை. நல்ல கருவி ஒன்று நூறு கட்டுரையைவிடப் பெரிய பங்களிப்பு. ஆனால் அது கருவிக்குக் கிடைத்த அங்கீகாரம், அந்த ஆளின் நினைவாற்றல் கோட்பாட்டுக்குக் கிடைத்தது ஆகாது. இரண்டையும் ஒரே கூட்டுத்தொகையில் போட்டால் எதுவும் புரியாது.

பழைய ஆய்வுகளைத் தொகுத்துச் சொல்லும் ரிவ்யூ கட்டுரையும் இதே மாதிரி வீங்கும். மில்லரும் கோஹெனும் 2001-ல் மூளையின் முன்நெற்றிப் புறணி பற்றி எழுதியதும், கார்பெட்டாவும் ஷுல்மனும் 2002-ல் கவனம் பற்றி எழுதியதும் அந்தந்தத் தலைப்பில் யார் எழுதினாலும் முதல் பத்தியில் வந்துவிடும்.

மூன்றாவது பெருங்கூட்டமைப்புக் கட்டுரை. பல ஆய்வகங்கள் சேர்ந்த எனிக்மா போன்ற கூட்டமைப்புகளின் கட்டுரையில் ஆசிரியர் பெயர்களே சில பக்கம் ஓடும். ஒரே எஃப்எம்ஆர்ஐ தரவை 70 குழுக்களிடம் கொடுத்து, ஒன்பது கருதுகோள்களைச் சோதிக்கச் சொல்லி 2020-ல் நேச்சரில் வெளியான கட்டுரையிலும் அப்படித்தான். பகுப்பாய்வு செய்த குழுக்காரர்கள் எல்லாரும் ஆசிரியர்கள். அதில் நடுவே ஒரு பெயர் இருப்பது நல்ல விஷயம்தான், ஆனால் அந்தச் சைட்டேஷன்களைத் தனி ஒருவரின் கணக்கில் முழுசாக வைக்க முடியாது. இதிலும் இன்னொரு கண்ணி: கூட்டமைப்பின் உறுப்பினராக மட்டும் பெயர் உள்ளவரைப் பப்மெட் ‘ஒத்துழைப்பாளர்’ என்ற தனிப் புலத்தில் வைக்கும். அவர் ஆசிரியர் இல்லை. ஆசிரியர் தேடலுக்கான ஏ, யு-வுக்குப் பதில் ஐ, ஆர் என்று கொடுத்தால் அந்தப் பதிவுகள் வரும்.

ஆகவே வகைப் பத்தியில் ஏழு பெயர்கள் போதும்: சொந்தப் பரிசோதனை, கருவி அல்லது முறை, ரிவ்யூ, கூட்டமைப்பு, கருத்துரை, அத்தியாயம், சுருக்கம். ஆசிரியர் வரிசையையும் குறியுங்கள். இந்தத் துறையில் முதல் பெயர் வேலை செய்தவர், கடைசிப் பெயர் ஆய்வகத் தலைவர் என்பது பொதுவான மரபு. நடுப் பெயர்களில் ஸ்கேனரை ஓட்டியவரும் இருப்பார், புள்ளியியல் முழுவதையும் செய்தவரும் இருப்பார். கட்டுரையின் முடிவில் ‘க்ரெடிட்’ முறைப்படி 14 வகைப் பங்களிப்புகளில் யார் எதைச் செய்தார் என்று போட்டிருந்தால் ஊகிக்க வேண்டியதில்லை.

இப்போது எண்கள்

ஹிர்ஷ் 2005-ல் சொன்ன எச்-இன்டெக்ஸின் விதி எளிது. கட்டுரைகளைச் சைட்டேஷன் அதிகமானதிலிருந்து இறங்குவரிசையில் அடுக்குங்கள். வரிசை எண்ணைவிடச் சைட்டேஷன் குறையாமல் இருக்கும் கடைசி இடம் எதுவோ அதுவே எச்.

ஒரு கற்பனைப் பட்டியல்: 412, 190, 88, 61, 40, 33, 21, 14, 9, 8, 3, 0. ஒன்பதாவது கட்டுரைக்கு 9. பத்தாவதுக்கு 8 மட்டுமே. ஆகவே எச் 9. பத்தும் அதற்கு மேலும் சைட்டேஷன் உள்ளவை எட்டு, ஐ10 அதுதான். மொத்தம் 879.

இப்போது அந்த 412 ஒரு கூட்டமைப்புக் கட்டுரை, இவர் அதில் நாற்பதாவது பெயர் என்று வகைப் பத்தி சொல்கிறது என்று வையுங்கள். அதை நீக்கினால் மொத்தம் 467-க்கு விழுகிறது, ஏறத்தாழப் பாதி. எச் 8 ஆகிறது, ஒன்றுதான் குறைந்தது. மொத்த சைட்டேஷன் ஒரே கட்டுரையால் எவ்வளவு ஆடும், எச் எவ்வளவு அசையாது என்பதற்கு இது போதும். அதே காரணத்தால் எச்-க்கு ஒரு குருட்டுத்தனமும் உண்டு: 412 என்பது அவர் தனியாக எழுதிய மகத்தான கட்டுரையாக இருந்தாலும் எச்-க்கு அது இன்னொரு கட்டுரை மட்டுமே.

எச் வயதோடு ஏறும், இறங்கவே இறங்காது. இளம் ஆய்வாளரையும் ஓய்வு பெறப்போகிறவரையும் அதை வைத்து ஒப்பிடாதீர்கள். முதல் கட்டுரை வெளியாகி எத்தனை ஆண்டு ஆகிறதோ அதால் எச்-ஐ வகுப்பது ஹிர்ஷே சொன்ன வழி. பிள்ளைப்பேறு, நோய், ராணுவ சேவை போன்ற இடைவெளிகள் இருந்தால் அந்த ஆண்டுகளைக் கழித்துக்கொள்ளுங்கள்.

எந்தத் தளத்தின் எண் என்பதைச் சொல்லாமல் எச் சொல்வது விலைப்பட்டியலில் ரூபாயா டாலரா என்று போடாமல் விடுவது மாதிரி. ஸ்காலர் ஆய்வேடுகளையும் ப்ரீபிரின்ட்களையும் எண்ணும், ஸ்கோபஸ் பெரும்பாலும் எண்ணாது. ஒரே ஆளுக்கு ஸ்காலர் எண் கணிசமாகப் பெரிதாக இருப்பது இயல்பு. வெப் ஆஃப் சயின்ஸிலும் ‘கோர் கலெக்‌ஷன்’ தேர்ந்தெடுத்தால் ஓர் எண், ‘எல்லாத் தரவுத்தளமும்’ தேர்ந்தெடுத்தால் வேறு எண். இருவரை ஒப்பிடுவதென்றால் ஒரே தளம், ஒரே நாள்.

துறைக்குத் துறை சைட்டேஷன் வேகம் வேறுபடுவதைச் சரிசெய்ய என்ஐஎச்-இன் ஐசைட் என்ற இலவசக் கருவி இருக்கிறது. தாளில் இருக்கும் பப்மெட் எண்களை மொத்தமாக ஒட்டினால் ஒவ்வொரு கட்டுரைக்கும் ஆர்சிஆர் என்ற விகிதம் தரும். அந்தக் கட்டுரையோடு சேர்த்து மேற்கோள் காட்டப்படும் கட்டுரைகளை வைத்து அதன் துறையை அதுவே வரையறுத்துக்கொள்கிறது. என்ஐஎச் நிதி பெற்ற கட்டுரைகளின் நடுமதிப்பு 1.0. ஒருவரின் சொந்தப் பரிசோதனைக் கட்டுரைகளில் பாதிக்கு மேல் 1-ஐத் தாண்டினால் நன்றாகவே வாசிக்கப்படுகிறார் என்று சொல்லலாம். பப்மெட்டில் இல்லாததற்கு ஆர்சிஆர் கிடையாது. உளவியல் பக்கம் சாய்ந்தவர்களை இது குறைத்துக் காட்டும்.

‘ஸ்டான்போர்டின் உலக 2 சதவீத விஞ்ஞானிகள்’ என்று கல்லூரி வாசலில் ஃப்ளெக்ஸ் வைக்கிறார்களே, அது ஸ்டான்போர்டு பல்கலைக்கழகம் தரும் விருதில்லை. அங்கே பணிபுரியும் இயோனிடிஸும் கூட்டாளிகளும் ஸ்கோபஸ் தரவிலிருந்து கணக்கிட்டு வெளியிடும் பட்டியல். வாழ்நாள் பட்டியல் வேறு, ஓராண்டுப் பட்டியல் வேறு. ஃப்ளெக்ஸில் எது என்று பெரும்பாலும் இருக்காது. அதில் பயனுள்ள ஒன்று உண்டு: தனியாகவோ, முதல் பெயராகவோ, கடைசிப் பெயராகவோ எழுதியவற்றின் சைட்டேஷனை அது தனியாக மதிக்கிறது; சுயமேற்கோளை நீக்கியும் தரவரிசை தருகிறது. அந்தப் பத்திகளைப் பாருங்கள், தலைப்பை விட்டுவிடுங்கள்.

சுயமேற்கோள் விஷயத்தில் அவசரப்பட வேண்டாம். ஒரே நோயாளியைப் பல ஆண்டு பின்தொடர்கிறவரும் ஒரே சோதனை முறையைப் படிப்படியாகச் செப்பனிடுகிறவரும் தன் பழைய கட்டுரையைச் சொல்லாமல் எழுத முடியாது. இத்தனை சதவீதம் தாண்டினால் தவறு என்று கோடு போட முடியாது. ஸ்கோபஸின் சைட்டேஷன் மேலோட்டத்தில் இரண்டு தேர்வுகள் உண்டு: இந்த ஆசிரியரின் சுயமேற்கோளை மட்டும் நீக்குவது, எல்லாக் கூட்டு ஆசிரியர்களின் மேற்கோளையும் நீக்குவது. இரண்டையும் போட்டுப் பாருங்கள். முதலாவதில் கொஞ்சம், இரண்டாவதில் மிக அதிகமாக எண் விழுந்தால், அந்த வேலை தன் வட்டத்துக்கு வெளியே அதிகம் போகவில்லை.

மேற்கோள் காட்டியவர் என்ன சொன்னார்?

எண் முடிந்த பிறகு, முதல் ஐந்து கட்டுரைகளுக்கு, ஒவ்வொன்றையும் மேற்கோள் காட்டியவற்றில் பத்தைத் திறந்து, எந்த வாக்கியத்தில் பெயர் வருகிறது என்று படியுங்கள். ஸ்காலரில் ‘சைட்டட் பை’யை அழுத்தி, அந்தக் கட்டுரைகளுக்குள்ளேயே தேடும் பெட்டியில் டிக் அடித்து ஒரு முக்கியச் சொல்லைக் கொடுத்தால் வேலை விரைவாகும்.

எக்லுண்டும் கூட்டாளிகளும் 2016-ல் எஃப்எம்ஆர்ஐ மென்பொருள்களின் கிளஸ்டர் கணக்கில் பொய்நேர்மறைகள் (இல்லாத விளைவை உண்டு என்று காட்டுபவை) அதிகம் என்று காட்டினார்கள். சுமார் 40,000 கட்டுரைகளின் செல்லுபடியையே அது கேள்விக்குள்ளாக்கலாம் என்ற வரியைப் பின்னால் திருத்த வேண்டிவந்தது. அதை மேற்கோள் காட்டுகிற பலர் ‘இதனால் நாங்கள் கடுமையான வரம்பு வைத்தோம்’ என்று முறைப் பகுதியில் ஒரு வரி எழுதுகிறவர்கள். அறிமுகப் பத்தியில் ஐந்து பெயரோடு ஒன்றாக வருவது ஒரு வகை. ‘இவர்களின் முடிவை மீண்டும் பெற முயன்றோம், வரவில்லை’ என்று வருவது வேறு வகை. எண்ணில் எல்லாமே தலா ஒன்று. மீளாய்வு நடந்திருந்தால் அதன் முடிவைத் தாளில் குறிப்புப் பத்தியில் எழுதுங்கள்.

பங்கேற்பாளர் எண்ணிக்கையையும் அப்போதே குறித்துக்கொள்ளலாம். நரம்பறிவியல் ஆய்வுகளின் புள்ளியியல் திறனின் (உண்மையான விளைவைக் கண்டுபிடிக்கும் வாய்ப்பின்) நடுமதிப்பு வெறும் 21 சதவீதம் என்று பட்டனும் கூட்டாளிகளும் 2013-ல் கணித்தார்கள். ஆளுக்கு ஆள் வேறுபடும் மூளை அமைப்பையும் குணத்தையும் தொடர்புபடுத்தும் ஆய்வுக்கு ஆயிரக்கணக்கானவர்கள் தேவை என்று 2022-ல் நேச்சரில் வந்தது. இருபது பேரை வைத்து அப்படியொரு தொடர்பைச் சொன்ன பழைய கட்டுரைக்கு முந்நூறு சைட்டேஷன் இருந்தாலும் அதன்மேல் வீடு கட்ட வேண்டாம். அதே ஆளுக்குள் இரண்டு நிலைகளை ஒப்பிடும் ஆய்வுக்கு இந்த விதி பொருந்தாது. ஒரே அளவுகோலால் இரண்டையும் அடிக்காதீர்கள்.

திரும்பப் பெறப்பட்ட கட்டுரை ஏதாவது உண்டா என்று தவறாமல் பாருங்கள். ரிட்ராக்‌ஷன் வாட்ச் தரவுத்தளத்தை, டிஓஐ பதிவு செய்யும் கிராஸ்ரெஃப் 2023-ல் வாங்கி எல்லாருக்கும் திறந்துவிட்டது. பட்டியலை மேற்கோள்களைச் சேமிக்கும் மென்பொருளான ஜோட்டெரோவில் ஏற்றினால் அதுவே சிவப்புப் பட்டை காட்டும். திரும்பப் பெற்ற பிறகும் சைட்டேஷன் ஏறிக்கொண்டே போகும், எந்தத் தளமும் அதை எச்-இலிருந்து தானாகக் கழிப்பதில்லை. காரணத்தையும் படியுங்கள்: தரவில் பிழை இருப்பதைத் தானே கண்டுபிடித்துத் திரும்பப் பெற்றவரையும் தரவைப் புனைந்தவரையும் ஒன்றாக வைக்க முடியாது.

இதழின் இம்பாக்ட் ஃபேக்டரை (அதன் கட்டுரைகளுக்குச் சராசரியாகக் கிடைக்கும் சைட்டேஷனை)க் கட்டுரையின் தரத்துக்குப் பதிலாக எழுதாதீர்கள். ஆய்வு மதிப்பீட்டைச் சீர்திருத்தக் கோரி 2013-ல் வெளியான டோரா அறிக்கையின் மையமே அதுதான். இந்தத் துறையில் அதற்கு நடைமுறைக் காரணமும் சேர்ந்துகொண்டது. நியூரோஇமேஜ் இதழின் வெளியீட்டுக் கட்டணம் 3,450 டாலர் என்றிருந்ததை எதிர்த்து 2023 ஏப்ரலில் அதன் ஆசிரியர் குழு மொத்தமாக விலகி, எம்ஐடி பிரஸ்ஸில் இமேஜிங் நியூரோசயின்ஸ் என்ற இதழைத் தொடங்கியது. புதிய இதழுக்குத் தொடக்கத்தில் இம்பாக்ட் ஃபேக்டர் இருக்க வழியில்லை, ஆனால் பரிசீலித்தவர்கள் அதே ஆட்கள். ‘இம்பாக்ட் ஃபேக்டர் உள்ளவை மட்டும்’ என்று அப்போது வடிகட்டியவர்களுக்கு நல்ல எஃப்எம்ஆர்ஐ கட்டுரைகள் சில கைநழுவிப் போயிருக்கும்.

அறிக்கையிலோ விண்ணப்பத்திலோ எழுதும்போது ஒரே வரியில் எல்லாம் வந்துவிடும்: “சொந்தப் பரிசோதனைக் கட்டுரை 31 (முதல் பெயர் 9, கடைசிப் பெயர் 14), ரிவ்யூ 4, கருவி 2, கூட்டமைப்பு 5, சுருக்கம் தனி, ஸ்கோபஸ் எச் 17, சுயமேற்கோள் நீக்கி 15, எடுத்த நாள் இன்னது.” அதன்கீழே மூன்று கட்டுரைகளை மட்டும் தேர்ந்தெடுத்து, ஒவ்வொன்றிலும் இவர் செய்தது என்ன, பிறர் அதை எதற்குப் பயன்படுத்தினார்கள் என்று இரண்டிரண்டு வரி. ஐந்தாண்டுக்கு உட்பட்ட ஒன்றாவது அந்த மூன்றில் இருக்கட்டும், சைட்டேஷன் குறைவாக இருந்தாலும்.

எக்செல் தாளை அழிக்காமல் வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த ஆண்டு கேட்கும்போது புதிய வரிகளை மட்டும் சேர்த்தால் போதும்.